ஃபிரண்ட் தெருவின் விருந்தாளிகள்

டெரிக் ஸ்டாக்டன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மைக்கைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, இறந்துபோன தகப்பனைப் பற்றிப் பேசும் மகனின் தணிந்த குரலில் சொன்னான்.

"அவங்க யாரும் வாடகைக்காரங்க இல்ல. எங்கப்பாவுக்குப் பெரிய மனசு. இருந்துக்கங்கன்னார், இருக்காங்க. அவரோட விருந்தாளிங்க, அவ்வளவுதான்."

நகரமன்றக் கூடத்தில் நான்காவது வரிசையில் இருந்த வெர்னா ப்ரூயிட்டின் கையில் காகிதக் கோப்பை நசுங்கியது. ஆறிப்போன காப்பி முழங்காலில் வழிந்தது அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்த இக்னாசியோ பாக்கா கைக்குட்டையை நீட்டினான். அவள் கடைக்கு எதிர்க்கடையில் முடிவெட்டுகிறவன், ஊருக்கெல்லாம் நாச்சோ. அவள் கைக்குட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு டெரிக்கையே பார்த்தாள். அவன் பள்ளிக்கூட அணியில் பந்து விளையாடிய காலத்தில், சேறு அப்பிய அவன் சட்டைகளைத் துவைத்துக் கொடுத்தவள் அவள். முழங்கையில் பச்சைப் புல் கறை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

இருபத்தாறு வருஷமாக ஃபிரண்ட் தெருவில் சலவைக்கடை நடத்துகிறாள். ஹார்லன் ஃபோர்க்கில் வேறு சலவைக்கடை கிடையாது. பண்ணை ஆட்கள், கல்குவாரிக்காரர்கள், பனிச்சறுக்குக்குப் போகிற வழியில் தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகள் எல்லாம் அவளிடம்தான் வரும். காசு போட்டால் ஓடும் பதினான்கு இயந்திரங்களும் காரைத் தரையில் திருகி இறுக்கப்பட்டவை. ஒவ்வொரு மே மாதமும் மலையில் பனி உருகும்போது, சுரங்கங்கள் ஓடிய காலத்தில் தெருவுக்கடியில் போட்ட வடிகால் தாங்காமல், தண்ணீர் அவள் கடைத் தரையிலிருக்கும் சல்லடை வழியாகவே மேலே பொங்கி வரும். போன வசந்தத்தில் மோட்டார்கள் வரைக்கும் வந்தது. ஐந்து இயந்திரங்கள் செத்தன. இன்னொரு மே அப்படி வந்தால் கடை மிஞ்சாது. அதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அதனால்தான் இரண்டு வருஷமாக அந்த ஆணையத்துக்காக அலைந்தாள். நகர மைய வளர்ச்சி ஆணையம் என்று ஒன்றை அமைப்பது, ஃபிரண்ட் தெருவிலும் அதை ஒட்டிய இரண்டு தெருக்களிலும் இருக்கும் கட்டடங்களுக்குச் சொத்து வரியை ஒரு துளி கூட்டுவது, அந்தப் பணத்தை அந்தத் தெருக்களுக்கே செலவழிப்பது. முதல் வேலை வடிகால். நவம்பர் தேர்தலில் கேள்வி ஓட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் ஊர் முழுக்க ஓட்டுப் போட முடியாது. வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்ட எல்லைக்குள் குடியிருப்பவர், சொத்து வைத்திருப்பவர், வாடகைக்கு எடுத்திருப்பவர், இந்த மூன்று வகைக்கு மட்டும்தான் ஓட்டு. வெர்னாவின் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். கடையின் வாடகைக்காரி என்ற முறையில்தான் அவளுக்கு ஓட்டு.

டெரிக் ஆணையம் வேண்டாம் என்கிற கட்சி. தெருவில் ஒன்பது கட்டடங்கள் அவனுடையவை. அவற்றில் பாதி, ஜன்னலில் காகிதம் ஒட்டிப் பல வருஷமாகப் பூட்டிக் கிடப்பவை. மொத்தத்தையும் டென்வர்காரன் ஒருவனுக்கு விற்கப் பேசிக்கொண்டிருந்தான். வாங்குகிறவனுக்குப் புது வரி பிடிக்கவில்லை. எனவே டெரிக் ஒவ்வொரு கட்டடத்தையும் ஒரு தனிக் கம்பெனியின் பேருக்கு மாற்றினான். சொத்துள்ள கம்பெனி தன் சார்பில் ஓட்டுப் போட ஒரு ஆளை நியமிக்கலாம் என்று விதி இருந்தது. அவன் மனைவி, மைத்துனன், மைத்துனனின் பல் வைத்தியன் என்று ஒன்பது பேர் கிளம்பினார்கள். அதில் நான்கு பேர் ஃபிரண்ட் தெருவில் கால்கூட வைத்ததில்லை.

அதையாவது வெர்னா எதிர்பார்த்திருந்தாள். எதிர்பார்க்காதது இது. அவள், நாச்சோ, பூக்கடைக்காரி, கிடார் பழுதுபார்க்கிற இரட்டைச் சகோதரர்கள், பழைய சாமான் கடைக்காரர் என்று அவன் கட்டடங்களில் கடை வைத்திருந்த ஆறு பேரின் ஓட்டுக்கும் அவன் ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருந்தான். ஆறும் ஆணையத்துக்கு விழப்போகிற ஓட்டுகள்.

நகரமன்ற எழுத்தர் ஓபல் ரீஸ் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து ஆறு பேரிடமும் ஒன்றையே கேட்டாள். வாடகை ஒப்பந்தம் இருக்கிறதா? ரசீது? ஏதாவது எழுத்தில்?

ஒன்றும் இல்லை. டெரிக்கின் தகப்பன் மெர்ல் ஸ்டாக்டனுடன் வைத்துக்கொண்ட எந்த ஏற்பாட்டுக்கும் காகிதம் கிடையாது. தெருவுக்கே அதுதான் வழக்கம். மெர்ல் வலதுகையின் உறையைக் கழற்றிவிட்டுக் கை குலுக்குவார். உறையோடு குலுக்கினால் பேச்சு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். வாடகையைப் பணமாகவே வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அவர் போன பிறகு டெரிக்கும் அப்படியே வாங்கிக்கொண்டான். எழுத்தில் தாருங்கள் என்று அவரிடம் கேட்டிருந்தால் அது அவர் முகத்தில் துப்புகிற மாதிரி. வெர்னா இத்தனை வருஷமும் வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிவந்த விஷயம் அது. எங்கள் தெருவில் காகிதம் தேவைப்படாது என்பாள்.

"இடத்துல இருக்கறதுக்கும் வாடகைக்கு இருக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு, வெர்னா," என்றாள் ஓபல். "கட்டடக்காரர் இல்லேங்கறார். உங்ககிட்ட காட்ட ஒண்ணும் இல்ல. நீங்க தபால்ல அனுப்பற ஓட்டு உறையைப் பிரிக்காம தனியா எடுத்து வைக்கறேன். தேர்தல் நாள் சாயங்காலத்துக்குள்ள ஏதாவது கொண்டு வாங்க, எண்ணிக்கையில சேர்க்கறேன். இல்லேன்னா என்னால முடியாது."

ஓபல் அநியாயக்காரி இல்லை. அதனால் கோபத்தை அவள்மேல் இறக்கி வைக்கவும் வழியில்லாமல் போனது.

மறுநாள் காலையில் டெரிக்கே கடைக்கு வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த ஒரு இயந்திரத்தின்மேல் சாய்ந்து நின்றான். தன்மையாகப் பேசினான். நேற்றுச் சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வக்கீல் சொல்லச் சொன்னது. ஆட்சேபத்தை எதிர்த்து அவள் எதுவும் செய்யாமல் இருந்தால் தேர்தல் முடிந்ததும் ஐந்து வருஷ ஒப்பந்தம் எழுத்தில் தருகிறான். டென்வர்காரனும் அதை மதித்துத்தான் ஆகவேண்டும்.

"தேர்தல் முடிஞ்சதும்," என்றாள் வெர்னா.

"ஆமா. டிசம்பர் ஒண்ணாந்தேதி."

"மே மாசம் தண்ணி வந்தா?"

"அது இயற்கைங்க. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

அவள் மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்தாள். "உங்கப்பா இந்த இடத்துலதான் நின்னு கையுறையக் கழட்டினார், டெரிக். நீ சாஞ்சிருக்கியே, அந்த மிஷின் அப்போ இல்ல. நான்தான் வாங்கிப் போட்டேன். தரைய உடைச்சு, குழாய் போட்டு, காரை பூசினேன். விருந்தாளியா போன வீட்டுல தரைய உடைப்பாங்களா?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பிறகு நாள் முழுக்கத் தள்ள முடியவில்லை. துணிகளுக்குள் அது சுற்றிக்கொண்டே இருந்தது. உருளைகளின் வட்டக் கண்ணாடிகளுக்குப் பின்னால் ஈரத் துணிகள் விழுந்து புரள்கிற மாதிரி, அதே சிரிப்பு, அதே பக்கத்திலிருந்து, மறுபடி மறுபடி.

மத்தியானத்துக்கு மேல் அவள் நாச்சோவின் கடைக்குப் போய், வெட்ட ஆள் இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று வகைக்கு ஓட்டு என்றால் முதல் வகையாகப் போனால் என்ன? எல்லைக்குள் குடியிருப்பவர். கடையிலேயே கட்டில் போட்டுக் குடியேறிவிடுவது.

நாச்சோ ஓபலுக்குத் தொலைபேசி செய்து கேட்டான். பதில் வந்தது. தேர்தலுக்கு முன் இத்தனை நாள் குடியிருந்திருக்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது, இனிமேல் அதற்கு நாள் போதாது.

"முடிஞ்சுது," என்று ஃபோனை வைத்தான்.

"முடியல. நான் குடிபோறேன்."

"ஓட்டுக்கு உதவாதுன்னு இப்பத்தானே சொன்னா."

"காதுல விழுந்துது."

"பின்ன எதுக்கு?"

"அவன் வந்து என்னை வெளிய தள்ளட்டும். விருந்தாளிய வெளிய தள்ளற லட்சணத்தை ஊரே பாக்கட்டும்."

நாச்சோ சீப்பைத் துடைத்துக்கொண்டே அவளைக் கண்ணாடியில் பார்த்தான். "உனக்காவது சூடா இருக்கும், காயவைக்கற மிஷின் இருக்கு. நான் இந்த நாற்காலியில படுத்தா எந்திரிக்கிறப்போ ஷேவிங்குக்கு உக்காந்த மாதிரியே இருப்பேன்."

"உன்னை யார் படுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. என் பொண்டாட்டியும் சொல்லமாட்டா. அதான் வர்றேன்."

அன்று மாலையே வெர்னா மடக்குக் கட்டிலையும் ஒரு மின் அடுப்பையும் கொண்டுவந்தாள். கடை ஜன்னலில் வெள்ளைச் சாயத்தால் பெரிதாக எழுதினாள்: இங்கே மெர்ல் ஸ்டாக்டனின் விருந்தாளி தங்கியிருக்கிறாள். எதிர்க்கடையில் நாச்சோ, இங்கே இன்னொருவன் என்று சின்னதாக எழுதி அம்புக்குறி போட்டான். காலையில் துணி போட வந்தவர்கள், நீளமான இரவு அங்கியில் பல் துலக்கிக்கொண்டிருந்த வெர்னாவைப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். குவாரிக்காரர் ஒருவர் பச்சை மிளகாய்க் குழம்பு ஒரு பாத்திரம் வைத்துவிட்டுப் போனார். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்து படம் எடுத்தாள். சிரிக்கச் சொன்னதற்கு வெர்னா மறுத்துவிட்டாள்.

வேடிக்கை இல்லை இது என்று அவள் நினைத்தாள். எல்லோரும் இதை வேடிக்கையாக்கிவிட்டால் டெரிக்குக்கு நல்லது. கட்டிலில் படுத்தபடி சுவரைப் பார்த்தால் ஒவ்வொரு வருஷத் தண்ணீரும் விட்டுப்போன கோடு தெரிந்தது. பழுப்புக் கோடுகள், ஒன்றுக்கு மேல் ஒன்று. போன வசந்தத்தின் கோடு கட்டிலின் விளிம்புக்கு மேலே இருந்தது. தான் இப்போது தண்ணீருக்கடியில் படுத்திருப்பதாக அவளுக்குத் தோன்றும். அந்த நினைப்பில் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

அந்த வாரம் டென்வர்காரன் கட்டடங்களைப் பார்க்க வருவதாக இருந்தது. ஜன்னலில் எழுத்தும் உள்ளே கட்டிலுமாக டெரிக்கால் அவற்றைக் காட்ட முடியாது. போதாக்குறைக்கு, கடைக்குள் ஆள் படுத்தால் தீக்காப்பீடு செல்லாது என்று காப்பீட்டுக்காரர் எச்சரித்திருந்தார். அவன் காவல் அதிகாரியிடம் போய், அத்துமீறி நுழைந்தவர்களை வெளியேற்றச் சொன்னான். அதிகாரி கைவிரித்துவிட்டார். சாவி அவர்களிடம் இருக்கிறது, விளக்குக் கட்டணம் அவர்கள் பேரில் வருகிறது, இருபத்தாறு வருஷமாக அங்கேதான் என் சட்டையையே துவைக்கிறேன், இதில் எங்கே அத்துமீறல் என்று கேட்டாராம். வெளியேற்ற வேண்டுமானால் முறைப்படி நோட்டீஸ் கொடு, பிறகு பார்க்கலாம்.

டெரிக் வக்கீலிடம் போயிருக்க வேண்டும். ஆனால் வக்கீலுக்கு ஒவ்வொரு மணிக்கும் பணம். கோபம் வேறு. ஆயத்தப் படிவம் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி நிரப்பி, இரண்டு பிரதி எடுத்து, தேர்தலுக்கு முந்தின நாள் காலையில் தன் கையாலேயே இரண்டு கதவிலும் ஒட்டிவிட்டுப் போனான்.

வெர்னா அதைக் கதவிலிருந்து பிய்த்து, படித்துவிட்டுத் தெருவைக் கடந்தாள். நாச்சோ வாசலில் நின்று தன்னுடையதைப் படித்துக்கொண்டிருந்தான்.

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணுமாம்," என்றான்.

"மேல பாரு. யாருக்குன்னு போட்டிருக்கான்."

அவன் பார்த்தான். வாடகைதாரர் வெர்னா ப்ரூயிட் அவர்களுக்கு. வாடகைதாரர் இக்னாசியோ பாக்கா அவர்களுக்கு. வாடகைக்கு விடப்பட்ட இடத்தில் உறங்கி வாடகை நிபந்தனையை மீறிய காரணத்தால், மாத வாடகை ஏற்பாடு இத்துடன் முடித்துக்கொள்ளப்படுகிறது. கீழே டெரிக்கின் கையெழுத்து, அகலமாக, கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடும் இழுத்து.

நாச்சோ மெதுவாகக் கதவுநிலையில் சாய்ந்தான். சிரிப்பு வந்தது அவனுக்கு, பிறகு நின்றுவிட்டது. வெர்னாவுக்குச் சிரிப்பு வரவே இல்லை. இருவர் மனதிலும் ஒரே நினைப்பு: டெரிக்கின் கையெழுத்திலேயே அவர்கள் வாடகைதாரர்கள்.

ஓபலின் மேசையில் வெர்னா அந்தக் காகிதத்தை வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டே காட்டினாள். ஓபல் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு இரண்டு முறை படித்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இது போதும். இதைவிடத் தெளிவா யாரும் எழுத முடியாது. ஆனா ஒண்ணு யோசிச்சுக்கங்க. இதைக் குடுத்து ஓட்டைச் சேர்த்தா, வாடகைதாரர்னு நீங்களும் ஒத்துக்கறீங்க. அப்போ நோட்டீஸும் செல்லும். அப்புறம் எனக்கும் மெர்லுக்கும் கைகுலுக்கின பேச்சு, காலத்துக்கும் இருக்கலாம்னார், அது இதுன்னு கோர்ட்ல போய் நிக்க முடியாது."

"தெரியும்."

"இன்னொண்ணு. அரை மணி நேரத்துக்கு முன்னால டெரிக் பதறிப்போய் ஃபோன் பண்ணார். வக்கீல் திட்டியிருப்பார்போல. நோட்டீஸைத் திருப்பிக் குடுத்துட்டா அஞ்சு வருஷ ஒப்பந்தம் இப்பவே கையெழுத்துப் போட்டுத் தர்றாராம். டிசம்பர் ஒண்ணாந்தேதியிலேர்ந்துதான், அதனால அது இந்த ஓட்டுக்கு உதவாது. வெளிய வண்டியில இருக்கார்."

ஜன்னல் வழியாக வெர்னா பார்த்தாள். சாம்பல்நிறப் பிக்கப் வண்டி. ஸ்டீயரிங்கின்மேல் ஒரு காகிதக் கட்டு. அவன் விரல்கள் அதைத் தட்டிக்கொண்டிருந்தன. கையில் உறை போட்டிருந்தான்.

நாச்சோ தன் காகிதத்தை ஏற்கனவே மேசையில் வைத்துவிட்டான். "நான் நாற்காலியத் தூக்கிட்டு எங்க வேணும்னாலும் போயிடுவேன். முடி எங்க போனாலும் வளரும். உன் கதை வேற, வெர்னா. நீ வண்டிக்குப் போனா ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். என் தலைமேல சத்தியமா."

அவள் தன் பதினான்கு இயந்திரங்களை நினைத்தாள். காரைக்குள் புதைந்த திருகுகளை. ஐந்து வருஷம். ஐந்து மே மாதம். ஒவ்வொன்றிலும் சல்லடையில் அந்தக் குமிழி எழும் சத்தம், அவள் முழங்கால் வரைக்கும் தண்ணீரில் நின்று வாளி வாளியாக வெளியே ஊற்றுவது, டெரிக் வாசலில் வந்து நின்று இது இயற்கைங்க என்பது. பூக்கடைக்காரியின் நிலவறையும் அவளோடு சேர்ந்துதான் நிறைகிறது. இவ்வளவுக்கும் மேலே அந்தச் சிரிப்பு.

"சேர்த்துக்கங்க, ஓபல்," என்று காகிதத்தை வைத்தாள்.  ஓபல் அதில் முத்திரை குத்தும்வரை அங்கேயே நின்றாள்.

வெளியே வந்தபோது டெரிக் கண்ணாடியை இறக்கினான். அவள் நிற்காமல் நடந்தாள்.

ஆணையம் இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் வென்றது. அந்த இரண்டும் யாருடையவை என்று ஊருக்கே தெரியும். மற்ற நான்கு கடைக்காரர்களின் உறைகள் கடைசிவரை பிரிக்கப்படவே இல்லை.

நவம்பர் கடைசியில் குவாரிக்காரர்கள் நாலு பேர் உளியோடு வந்து காரையை உடைத்து இயந்திரங்களைப் பெயர்த்துக் கொடுத்தார்கள். ஓடுகிற ஒன்பதை வெர்னா தன் வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் வைத்தாள். அங்கே ஓட்டுவதற்கு மின்சாரம் போதாது. நாச்சோ விடுதி ஒன்றின் முன்கூடத்தில் நாற்காலியைப் போட்டான். தரை ஓட்டை ஓட்டையாகக் கிடந்த கடையில் டெரிக் சாவிக்காக வந்தபோது, அவள் அதைக் கையில் கொடுக்காமல் ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"இவ்வளவு நாள் நல்லா கவனிச்சுக்கிட்டீங்க," என்றாள். "விருந்தாளி சொல்லிட்டுத்தானே கிளம்பணும்."

அவன் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். 

அவன் பதில் ஜனவரியில் வந்தது. டென்வர்காரன் பின்வாங்கிவிட்டிருந்தான். ஆணையத்துக்கு உறுப்பினர்களை நியமித்தார்கள். எல்லைக்குள் குடியிருப்பவர், சொத்துள்ளவர், வாடகைக்காரர், இந்த மூன்று வகையில் ஒருவர்தான் உறுப்பினராக முடியும். வெர்னா இப்போது மூன்றிலும் இல்லை. டெரிக் விண்ணப்பித்தான், தெருவில் பாதி அவனுடையது என்பதால் அவனை விட்டுவிட்டு நியமிக்கவும் முடியவில்லை. முதல் கூட்டத்திலேயே, வடிகாலைவிட அவசரமாகக் கட்டட முகப்புகளுக்கு வண்ணம் பூச உதவித்தொகை தரலாம் என்று அவன் யோசனை சொன்னான்.

பொதுமக்கள் பேசும் நேரம் வந்தது. ஆளுக்கு மூன்று நிமிஷம். வெர்னா எழுந்து மைக்குக்குப் போனாள். தலைவர் வழக்கப்படி பேரும் முகவரியும் கேட்டார். பிறகு கொஞ்சம் சங்கடத்தோடு, எல்லைக்குள் அவருக்கு என்ன தொடர்பு என்று குறிப்பில் எழுதிக்கொள்ள வேண்டும் என்றார்.

"விருந்தாளி," என்றாள் வெர்னா.

பின்வரிசையில் நாச்சோ இருமினான். யாரும் சிரிக்கவில்லை. டெரிக் முன்னாலிருந்த தண்ணீர்ப் புட்டியை எடுத்து, மூடியைத் திறக்காமலேயே திரும்ப வைத்தான்.

"இந்த ஆணையம் எப்படி ஜெயிச்சதுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். அதுக்கு நான் என்ன குடுத்தேன்னும் தெரியும். வண்ணத்தை நான் கேக்கல. வடிகாலைக் கேட்டேன். இந்த மாசம் கேக்கறேன், அடுத்த மாசம் வந்து கேப்பேன், அதுக்கடுத்த மாசமும். மே மாசம் வந்தா அந்தக் கடைக்குள்ள தண்ணி வரும். அப்போ உள்ள நின்னு வாளியில மொள்ளறதுக்கு நான் இருக்கமாட்டேன். கட்டடம் யாரோடதோ அவர் மொள்ளட்டும்."

தலைவர் கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் இரண்டு நிமிஷம் இருக்கிறது என்றார்.

"இருக்கட்டும்," என்றாள் அவள். மைக்கைவிட்டு நகரவில்லை. அந்த இரண்டு நிமிஷமும் ஒரு வார்த்தை பேசாமல், டெரிக் ஸ்டாக்டனைப் பார்த்தபடியே நின்றாள்.